தோண்டாமல் ஒரு தொல்லியல்: தோட்டத்துப் பிள்ளைகளோடு ஊர் வரலாற்றைப் பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

இலங்கையில் பழஞ்சின்னங்களைக் காப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம். புராதனச் சின்னம் என்றால் எது என்று அது வரையறுக்கும் இடத்தில் ஒரு தேதி வருகிறது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியவை தாமாகவே சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிடும். பிந்திய கட்டடம் என்றால், அமைச்சர் தனியாக வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு.

மலையகத் தமிழரின் கதையோ அந்தத் தேதிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்ட காலத்தைக் கணக்கில் வைத்துத்தான் 2023இல், தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து நம்மவர்கள் வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அப்படியென்றால் லயம் (தொழிலாளரின் வரிசை வீடுகள்), பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), பிரட்டுக்களம் (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்), பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), பெரியங்காணி (தொழிலாளரைக் கூட்டி வந்த தலைவர்) வீடு, தேயிலைக்கு நடுவே நிற்கும் முனியாண்டி கல் எதையும் சட்டம் தானாக வந்து காக்கப்போவதில்லை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் உட்கார்ந்த கல் இருக்கையைப் பார்க்க இன்றும் ஆட்கள் மலையேறுகிறார்கள். அவர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது காடு வெட்டிக் கான் (வடிகால்) போட்டவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று தேடிப் போகிறவர்கள் குறைவு.

இந்த வேலையை நம் பிள்ளைகளே செய்யலாம். அளவு நாடா, கொப்பி, ஒரு கைப்பேசி, பொறுமை இருந்தால் போதும். 13 வயதிலிருந்து 18 வயது வரையுள்ளவர்களை வைத்து ஒரு தோட்டத்தில் எப்படித் தொடங்குவது, எங்கே நிதானம் வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரு டிவிஷனோடு நிறுத்துங்கள்

முழுத் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டால் வேலை பாதியில் நின்றுவிடும். ஒரு டிவிஷன் (தோட்டத்தின் ஒரு பிரிவு), அதிலும் ஒரு லய வரிசை, ஒரு கோவில், ஒரு பீலி. முதல் வருடத்துக்கு இது தாராளம். எந்த லயத்தை எடுப்பது என்று தயக்கம் வந்தால், சீக்கிரம் உடைக்கப்படப் போவதை எடுங்கள். 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டப்படும்போது பழைய லயங்கள் போய்விடுகின்றன. போகட்டும். அந்த அறைகளில் யாரும் இனியும் நெருக்கியடித்து வாழ வேண்டியதில்லை. ஆனால் போவதற்கு முன் அதன் அளவும் அமைப்பும் காகிதத்தில் ஏறிவிட வேண்டும்.

படி 2: அனுமதி, அப்புறம் தோண்டாமை

தோட்ட முகாமையாளருக்கும் பாடசாலை அதிபருக்கும் கடிதம் கொடுங்கள். பாடசாலை நேரத்தில் நடத்துவதாக இருந்தால் வலயக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டத் தலைவர்மாருக்கும் கோவில் கமிட்டிக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். கடிதத்தில் "அளத்தல், படம் எடுத்தல், பேசிப் பதிவு செய்தல் மட்டும், தோண்டுதல் இல்லை" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

அந்த ஒரு வரிக்குக் காரணம் இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தின் உரிமம் இல்லாமல் தொல்பொருளுக்காக நிலத்தை அகழ்வது குற்றம். இலங்கையில் புதையல் தேடி இரவில் தோண்டுகிறவர்கள் பிடிபடுவது வழக்கமான செய்தி. நாலு பிள்ளைகள் அலவாங்கோடு பழைய கோவில் பக்கம் நின்றால் ஊர் என்ன நினைக்கும், பொலிஸ் என்ன நினைக்கும் என்று யோசியுங்கள். கீழடிக் குழிகளை டிவியில் பார்த்த பிள்ளைகளுக்குத் தொல்லியல் என்றாலே தோண்டுவதுதான். முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும்: தோண்டிய இடத்தை மறுபடி பழையபடி ஆக்க முடியாது, அதனால் பயிற்சி பெற்றவர்களும் அதைக் கடைசியில்தான் செய்வார்கள். மண்ணுக்கு மேலே படிக்க வேண்டியது நமக்கு ஏராளமாக இருக்கிறது.

படி 3: ஆளும் நேரமும்

பத்துப் பன்னிரண்டு பேர் போதும். பெண் பிள்ளைகள் பாதியாவது இருக்க வேண்டும். பாட்டிமார் பல விஷயங்களை அவர்களிடம்தான் மனம்விட்டுச் சொல்வார்கள். ஞாயிறு அல்லது போயா தினக் காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் வீட்டு வேலை பிள்ளைகளின் தலையில்தான் விழும்.

வெளிவேலைக்கான காலத்தை இடத்துக்குத் தகுந்தபடி வையுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. மே மாதத்துக்குப் பிறகு மழையும் அட்டையும் வேலை செய்ய விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதற்கு நேர்மாறு: ஆகஸ்ட் விடுமுறையில் காற்று பலமாக இருந்தாலும் நிலம் காய்ந்திருக்கும்.

படி 4: மூத்தவர்களோடு ஒரு நடை

நாடாவை எடுப்பதற்கு முன் நடக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு மூன்று மூத்தவர்களை அழைத்துக்கொண்டு டிவிஷனைச் சுற்றி வாருங்கள். தாத்தா நிற்கிற இடத்தில் எல்லாம் பிள்ளைகளும் நிற்கட்டும். "இங்கேதான் பிரட்டு, தப்பு அடிச்சா நாங்க ஓடிவருவோம்", "இந்தக் கான் பக்கத்துல பழைய லயம் ஒன்னு இருந்துச்சு, மண் சரிஞ்சு போச்சு" என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு பிள்ளை கையால் வரைபடம் போட வேண்டும், இன்னொரு பிள்ளை கைப்பேசியில் அந்த இடத்தின் ஆள்கூறைக் குறிக்க வேண்டும்.

மலைகளுக்கும் பீலிகளுக்கும் மக்கள் வைத்த பெயர்களைத் தவறாமல் எழுதுங்கள். கம்பனி வரைபடத்தில் மலைக்கு நம்பர் மட்டும்தான் இருக்கும். தொழிற்சாலையை ஸ்டோர் என்று சொல்கிறவர்களிடம் ஸ்டோர் என்றே எழுதுங்கள், திருத்த வேண்டாம். வழியில் வயதான கோப்பிச் செடி ஒன்று காட்டு மரத்தடியில் நிற்கலாம். அதையும் குறியுங்கள். 1869இல் இலைத்துரு நோய் பரவிக் கோப்பி அழியாமல் இருந்திருந்தால் இன்று மலையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்பதை அந்தச் செடியின் பக்கத்தில் வைத்துச் சொன்னால் மனதில் நிற்கும்.

படி 5: லயத்தை அளப்பது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

தேவை: 30 மீற்றர் நாடா ஒன்று, 5 மீற்றர் நாடா இரண்டு, நூல், வரைபுத் தாள், பென்சில், படத்தில் வைக்க ஓர் அளவுகோல். அளவுகோலை நீங்களே செய்யலாம்: ஒரு மீற்றர் நீளச் சட்டத்தில் 10 சென்றிமீற்றருக்கு ஒரு முறை சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ற் அடித்தால் சரி.

லயத்தின் முன்புறம், இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) இணையாக, முதல் காம்பராவிலிருந்து (அறையிலிருந்து) கடைசிக் காம்பரா வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். இதுதான் அடிக்கோடு. அதன் மேல் நாடாவை விரித்து, ஒவ்வொரு கதவின் இரு ஓரமும் தூணும் படியும் எத்தனை மீற்றரில் வருகின்றன என்று குறியுங்கள். சுவர் நூலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைச் செங்குத்தாக அளக்க வேண்டும். செங்கோணத்துக்கு 3, 4, 5 முக்கோணம்: நூலில் 3 மீற்றர், சுவரை நோக்கி 4 மீற்றர், சாய்வு 5 மீற்றர் வந்தால் கோணம் சரி. இஸ்தோப்பு ஒடுக்கமாக இருந்தால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் பைதகரசைக் கண்டு மிரண்ட பிள்ளை இங்கே தானாகவே நாடாவைக் கையில் வாங்கும்.

பழைய லயக் காம்பராக்கள் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. 1க்கு 50 என்ற அளவில் ஒரு காம்பரா தாளில் ஏறக்குறைய 6 சென்றிமீற்றருக்கு 7 சென்றிமீற்றர் வரும். பத்துக் காம்பரா வரிசை முழுவதையும் வரைய 1க்கு 100 வசதி, சுமார் 30 சென்றிமீற்றரில் அடங்கிவிடும். வரைந்து முடிந்ததும் அந்த அறைக்குள் எத்தனை பேர் தூங்கினார்கள், யார் எங்கே படுத்தார்கள் என்று அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் குறியுங்கள். வரலாற்றுப் புத்தகத்தில் வரும் "குறைந்த வசதி" என்ற சொல் தாளில் இடமில்லாமல் நெருங்கி நிற்கும் கோடுகளாகத் தெரியும்.

அடுத்து சுவரைப் படிப்பது. சுண்ணாம்பு ஏற்கெனவே பெயர்ந்து விழுந்த ஓர் இடத்தைத் தேடுங்கள். நீங்களாகச் சுரண்டக் கூடாது. உடைந்த விளிம்பில் பூச்சு அடுக்கடுக்காகத் தெரியும்: அடியில் கல்லோ களிமண்ணோ, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு, நீலம் கலந்த சுண்ணாம்பு, கடையில் வாங்கிய பெயின்ற், சில இடத்தில் சீமெந்து. அளவுகோலை வைத்துப் படமெடுத்து, வெளியிலிருந்து உள்ளே எண் போடுங்கள். மேலே இருப்பது பிந்தியது, அடியில் இருப்பது முந்தியது. அகழாய்வுக் குழியில் மண்ணடுக்கை வாசிக்கும் அதே விதிதான் இது. ஒரு பிடி மண்ணைக்கூட அசைக்காமல் பிள்ளைகள் அதைக் கற்றுவிடுகிறார்கள்.

இதே கண்ணோடு மற்றவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்சுவரின் ஒரு மூலை மட்டும் புகையேறிக் கறுத்திருந்தால் அங்கே அடுப்பு இருந்திருக்கிறது. பின்னால் இறக்கிய குசினியின் சுவர் பழைய கானின் மேல் உட்கார்ந்திருந்தால் கான் முந்தியது, குசினி பிந்தியது. இரண்டு காம்பராவுக்கு நடுவே அடைத்த கதவு இருந்தால், ஒரே குடும்பம் இரண்டையும் வைத்திருந்ததா, யார் எப்போது பிரிந்தார்கள் என்று கேட்கலாம். சில கட்டடங்களின் முகப்பில் ஆண்டு பொறித்திருக்கும். இல்லாவிட்டால் "வெள்ளைக்காரன் காலத்துது" என்று எழுதி முடிக்காமல், எதற்கு முன், எதற்குப் பின் என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரு கண்டிப்பு: இவை மனிதர் வாழும் வீடுகள். உள்ளே போகுமுன் கேட்க வேண்டும். படுக்கையையும் கொடியில் கிடக்கும் துணியையும் படமெடுக்கக் கூடாது. வறுமையைக் காட்சிப்பொருளாக்கும் படம் எதையும் இந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

படி 6: வீட்டுக்குள் இருக்கும் சான்றுகள்

பித்தளைக் குடம், அம்மி, பழைய கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, காமன் கூத்துக்குக் கட்டிய உடை, பெட்டிக்கு அடியில் கிடக்கும் பாஸ்போர்ட், தோட்டத்துப் பிறப்புத் துண்டு. அபூர்வமாக எங்காவது ஒரு தகர டிக்கெட்டும் கிடைக்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மண்டபம் முகாம் வழியாக வந்த தொழிலாளி எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று காட்டக் கொடுத்தது அது.

எதையும் வாங்காதீர்கள், இரவலும் கேட்காதீர்கள். பொருள் வீட்டிலேயே இருக்கட்டும், பதிவு மட்டும் நம்மிடம் வரட்டும். கறுப்புத் துணி விரித்து, வாசல் வெளிச்சத்தில், அளவுகோலும் இலக்கச் சீட்டும் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை: இலக்கம், பெயர், அளவு, எதில் செய்தது, யாரிடமிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது, இப்போது யார் வைத்திருக்கிறார்கள்.

பித்தளைப் பாத்திரத்தைக் கேட்டால் பாட்டி உடனே புளி போட்டுத் துலக்க எழும்புவார். மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் தோளில் பெயர் வெட்டியிருக்கும். அது ஒரு முழுப்பெயராகவோ இரண்டு எழுத்தாகவோ இருக்கலாம், சில வேளை ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கும். ஆண்டாண்டாகத் துலக்கி அது ஏற்கெனவே தேய்ந்திருக்கும். கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும், வாசிக்கலாம். கோவில் மணியையும் அப்படியே பாருங்கள். உபயம் கொடுத்தவர் பெயரும் ஆண்டும் அதில் வார்த்திருந்தால், தோட்டத்து மக்கள் தங்கள் கையாலேயே எழுதி வைத்த ஆவணம் அது.

பாஸ்போர்ட், அடையாள அட்டை போன்றவற்றைப் படமெடுக்கும்போது இலக்கங்களை ஒரு துண்டுக் காகிதத்தால் மறையுங்கள்.

படி 7: கேட்பது

மூத்தவர்களிடம் "எந்த வருசம்?" என்று தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். "மா, பாணுக்குத் தட்டுப்பாடு வந்த பஞ்சத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் 1973, 74 என்ற குறி கிடைத்துவிடும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1975ஐச் சுற்றி. நம்மவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் பற்றிய நினைவுகள் அதன் பின்னர் 1984இல் கப்பல் நிற்கும் வரைக்கும் வரும். இந்தச் சம்பவங்களை ஒரு நீளத் தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், பிள்ளைகளே நினைவை ஆண்டோடு பொருத்திவிடுவார்கள்.

அந்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. பிள்ளைகள் இந்த எண்ணைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பார்கள். தங்கள் லயத்தில் எந்தக் காம்பராவிலிருந்து யார் போனார்கள் என்று வரைபடத்தில் குறிக்கும்போதுதான் அது யாருடைய எண் என்று புரியும். பாட்டியின் தங்கை போயிருப்பார், கடிதம் சில வருடம் வந்து நின்றிருக்கும்.

1977, 1983 வன்செயல்கள், சாதி, குடும்பச் சண்டை போன்றவை பேச்சில் வந்தே தீரும். பெரியவர் ஒருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும். எந்தச் சாதி எந்த லயத்தில் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால் அதைப் பொறுப்பாளர் மட்டும் தனிக் கொப்பியில் வைக்கட்டும், கண்காட்சிக்கு வரக்கூடாது. பேசியவர் "இதை அழிச்சிடு தம்பி" என்று மறுவாரம் சொன்னால் மறுபேச்சில்லாமல் அழித்துவிடுங்கள்.

படி 8: காகிதத்தோடு வைத்துப் பார்ப்பது

கொழும்பில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் மலையகச் சஞ்சிகைகளும் நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன, கைப்பேசியிலேயே படிக்கலாம். தோட்ட அலுவலகத்தில் பழைய வரைபடமோ செக்ரோலோ (தொழிலாளர் வேலைநாள் பதிவேடு) இருந்தால் பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள். வாய்மொழியும் காகிதமும் முரண்பட்டால் ஒன்றை வெட்டாமல் இரண்டையும் எழுதி, யார் சொன்னது, எங்கே கண்டது என்று குறிப்பிடுங்கள். காகிதத்தை எழுதியவர் பெரும்பாலும் துரையோ அவருடைய கிளாக்கரோதான் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒரு நாள் பயணமும் வையுங்கள். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு வந்து, எதில் இயந்திரம் அதிகம், எதில் ஆட்கள் அதிகம் என்று பேச விடுங்கள்.

படி 9: தேயிலைக்கு முந்திய மலை

நம் வரலாற்றைச் சொல்லும்போது மலை 1823இல் பிறந்தது போல் சொல்லிவிடக் கூடாது. கித்துல்கல பெலிலென குகையில் 30,000 ஆண்டுகளுக்கு முந்திய மனிதர் வாழ்ந்த தடயம் கிடைத்திருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியிலும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. பிலிமத்தலாவைக்கு அருகே கடலாதெனிய விகாரை 1344இல் எழுந்தது; அதை வடிவமைத்தவர் கணேஸ்வராச்சாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி. தமிழ்க் கையும் பௌத்த வழிபாடும் ஒரே கல்லில் சேர்ந்திருப்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளையும் அழையுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் தரிசையும் அரசுக்கு உரியதாக்கியபோது கண்டிக் கிராமத்தவர்களும் இழந்தார்கள். அவர்கள் இழந்த நிலத்தில் நம்மவர்கள் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். இந்த இரண்டு கதையையும் ஒரே வரைபடத்தில் போட இரு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் முடியும்.

கான் வெட்டும்போதோ மழைக்குப் பிறகோ கூரான பளிங்குக் கல், பழைய நாணயம், ஓடு ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காமல், அதே இடத்தில் அளவுகோலோடு படமெடுத்து, ஆள்கூறைக் குறித்து, கிராம உத்தியோகத்தர் மூலம் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

படி 10: ஊருக்குக் கொடுப்பது

கண்காட்சியைத் தோட்டத்திலேயே வையுங்கள். மாரியம்மன் திருவிழா நாள் நல்ல நாள். எல்லாரும் ஊரில் இருப்பார்கள், கொழும்பில் வேலை செய்கிறவர்களும் வந்திருப்பார்கள். லய வரைபடத்தைப் பெரிதாக ஒட்டிப் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டி விடுங்கள். "இந்தக் காம்பரால எங்க அப்பாயி இருந்தாங்க" என்று ஆட்கள் தாங்களாகவே எழுதுவார்கள். நீங்கள் மாதக்கணக்கில் சேர்த்ததைவிட அதிகமான பெயர்கள் அந்த ஒரு மாலையில் சேரக்கூடும்.

பிரதிகள் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: பாடசாலையில் ஒன்று, தோட்டத்துக்கு வெளியே ஒன்று, இணையத்தில் ஒன்று. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை ஆட்களோடு மூடியது. மலையில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது ஆபத்து.

அவசரப் பதிவு: நாளைக்கு உடைக்கிறார்கள் என்றால்

இது அடிக்கடி நடக்கும். ஒரே நாள்தான் கையில் இருக்கும். அப்போது வரிசை இது. முதலில் முன்பக்கம், பின்பக்கம், இரு ஓரம் என்று நான்கு புறமும் அளவுகோல் வைத்துப் படம். அடுத்து ஒரு காம்பராவை மட்டும் முழுமையாக அளங்கள், மற்றவற்றுக்கு நீளம் அகலம் போதும். கூரையின் உட்புறம், சுவரின் உடைந்த விளிம்பு, புகை மூலை, கதவு நம்பர் ஆகியவற்றுக்குக் கிட்டத்தில் ஒவ்வொரு படம். அப்புறம் அங்கே கடைசியாகக் குடியிருந்தவரை இஸ்தோப்பில் உட்கார வைத்து அரை மணி நேரம் பேச்சைப் பதியுங்கள். அறையைக் கையால் காட்டிக் காட்டிச் சொல்லட்டும். கோப்புகளின் பெயரிலேயே தோட்டம், டிவிஷன், லய நம்பர், தேதி, எடுத்த பிள்ளையின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து, அன்றிரவே இரண்டாவது பிரதியை இன்னொரு ஊரில் இருப்பவருக்கு அனுப்பிவிடுங்கள்.